சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்

தஞ்சாவூரைச் சேர்ந்த ஒரு தந்தையின் கேள்வி இது. அவருடைய மகளுக்குச் சிகாகோவில் உள்ள டிபால் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. “நாங்கள் சைவக் குடும்பம். கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்பதால் பூசைக்கு வா, பைபிள் வகுப்புக்கு வா என்று கட்டாயப்படுத்துவார்களா? ஊர் நடுவில், ரயிலில் போய் வந்து படிக்க வேண்டிய வளாகம் என்கிறார்கள். தனியாக இருக்கப்போகும் பெண்பிள்ளைக்கு அது சரிப்பட்டு வருமா? இவ்வளவு பணம் போடத் தகுந்த இடம்தானா?” என்று மூன்று கேள்விகளை அவர் கேட்டிருக்கிறார்.

சிகாகோவுக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக வழிகாட்டி வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். மதம் பற்றிய முதல் கேள்வியைத்தான் நம் பெற்றோர் அனைவரும் முதலில் கேட்கிறார்கள். மூன்றிலும் மிகக் குறைவாகக் கவலைப்பட வேண்டியது அதுதான். அவர் கேட்காமல் விட்ட நான்காவது விஷயம் ஒன்று இருக்கிறது. டிபாலில் பாடம் நடக்கும் காலாண்டு முறையைச் சொல்கிறேன். அங்கே போய்த் திணறும் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வேகத்துக்குத் தயாராகாமல் வந்தவர்களே. ஆகவே அதைப் பற்றியும் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பெயரும் பின்னணியும். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் ஏழைகளுக்காகவே வாழ்ந்த புனித வின்சென்ட் தே பவுலின் பெயரைத்தான் இந்தப் பல்கலைக்கழகம் தாங்கியிருக்கிறது. நம் ஊர்க் கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் சமூகங்களில், ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியும் மருந்துச் செலவும் கொடுத்து உதவும் ‘வின்சென்ட் தே பவுல் சபை’யைத் தஞ்சை, திருச்சிப் பக்கத்தினர் அறிந்திருப்பார்கள், அந்தச் சபைக்குப் பெயர் தந்தவரும் இவரே. அவர் 1625 இல் தொடங்கிய குருக்கள் சபை, சிகாகோவின் வடக்குப் பகுதியில் 1875 இல் ஒரு பங்கை அமைத்தது. அந்தக் குருக்கள் 1898 இல், குடியேறிகளின் பிள்ளைகள் படிப்பதற்காகப் புனித வின்சென்ட் கல்லூரி என்ற பெயரில் ஒரு சிறு கல்லூரியைத் தொடங்கினார்கள். அதுவே 1907 இல் டிபால் பல்கலைக்கழகம் ஆயிற்று. இன்று ஏறத்தாழ 21,000 பேர் படிக்கும் இது, அமெரிக்காவின் மிகப் பெரிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

1907 ஆம் ஆண்டின் சாசனத்தில் உள்ள ஒரு விதிதான் உங்கள் முதல் கேள்விக்கான நேரடிப் பதில். மாணவராகச் சேர்வதற்கோ ஆசிரியராவதற்கோ எந்த மத நம்பிக்கையையும் நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று அந்தச் சாசனமே சொல்லிவிட்டது. அந்தக் காலத்துக் கத்தோலிக்க நிறுவனம் ஒன்றுக்கு இது துணிச்சலான நிலைப்பாடு. யூத மாணவர்களை ஓர் எண்ணிக்கைக்கு மேல் சேர்ப்பதில்லை என்று அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் சில ஒதுக்கீடு வைத்திருந்த காலத்தில், டிபாலின் கதவு அவர்களுக்குத் திறந்திருந்தது. 1911 இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ஆணும் பெண்ணும் ஒன்றாகப் படிக்கும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் அரிதாக இருந்த நேரம் அது. குடியேறிகளின் பிள்ளைகளையும், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறுபவர்களையும் சேர்ப்பதைத் தன் கடமையாகக் கருதும் வழக்கம் அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது.

நடைமுறையில் என்ன நடக்கும்? பூசைக்கு யாரும் அழைத்துச் செல்ல மாட்டார்கள். வளாகத்தை ஒட்டியே புனித வின்சென்ட் தே பவுல் ஆலயம் இருக்கிறது. விரும்பியவர் போவார், விரும்பாதவர் அதைக் கடந்து வகுப்புக்குப் போவார். முஸ்லிம் மாணவர்களுக்கும் யூத மாணவர்களுக்கும் வழிகாட்டப் பல்கலைக்கழகமே ஆட்களை நியமித்திருக்கிறது. நம் பிள்ளைகள் சேர்ந்து தீபாவளி கொண்டாடுவதற்குத் தடையேதும் இல்லை.

ஆனால் இளநிலை மாணவர்கள் அனைவரும் படித்தாக வேண்டிய பொதுப் பாடத்திட்டத்தில் மதம் சார்ந்த ஒரு பிரிவு உண்டு. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பிரிவின் கீழ் வரும் பாடங்களில் இந்து சமயம், பௌத்தம், இசுலாம் ஆகியவை பற்றியவையும் இருக்கின்றன; கத்தோலிக்கம் பற்றிய பாடத்தைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. எதை எடுத்தாலும் அது வரலாறு போல, தத்துவம் போல ஆராய்ந்து கற்பிக்கப்படும் பாடம். மதிப்பெண் கிடைப்பது நன்றாக வாசித்து, வாதிட்டு எழுதுவதற்குத்தான். பள்ளி முழுவதும் கணக்கும் இயற்பியலுமாகவே ஓடிய நம் பிள்ளைகளுக்கு, தாங்கள் பிறந்த சமயத்தைப் பற்றி முதன்முறையாக ஒழுங்காகக் கேள்வி கேட்டுப் படிக்கும் வாய்ப்பாக அது அமைந்துவிடுகிறது. சைவக் குடும்பத்துப் பெண்ணுக்கு அதனால் நன்மையே விளையும் என்பது என் கருத்து. முதுநிலை மாணவர்களுக்கு இந்தப் பொதுப் பாடங்கள் கிடையாது.

திருச்சபையின் போதனை உண்மையில் நடைமுறையைத் தொடும் இடங்கள் வேறு. வளாகத்தில் கருத்தடைச் சாதனங்களை வழங்க அனுமதி இல்லை. கருக்கலைப்பு உரிமைக்காகச் செயல்படும் மாணவர் அமைப்புகளுக்குப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் கிடைப்பது கடினம். அதே பல்கலைக்கழகம்தான் 2006 இல் தற்பாலினத்தவர், திருநர் வாழ்வு பற்றிய ஆய்வைத் துணைப்பாடமாகக் கொண்டுவந்தது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் அது முன்னோடி முயற்சி. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் டிபாலின் குணம் பிடிபடும். திருச்சபையோடு உள்ள உறவை அது விடவில்லை. நகரத்தில் வாழும் எல்லா வகை மனிதரும் வந்து படிக்கும் இடம் என்பதையும் விடவில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள இழுபறி அவ்வப்போது வெளியே தெரியும். மாணவர்கள் அதைப் பற்றி எழுதுகிறார்கள், கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள்.

மதத்தைவிட மாணவர்கள் அன்றாடம் சந்திக்கும் வின்சென்டிய அடையாளம் ஒன்று உண்டு. லிங்கன் பார்க் வளாகத்தில் மான்சிஞ்ஞோர் ஜான் ஈகன் என்ற குருவின் சிலை நிற்கிறது. 1965 இல் அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள செல்மா நகரில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக நடந்த பேரணியில் போய்ச் சேர்ந்துகொண்டவர் அவர். சிகாகோவில் வீட்டுரிமைப் போராட்டங்களில் முன்னின்றவர். பின்னாளில் டிபாலில் பணியாற்றினார். “நீதிக்காக நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?” என்ற கேள்வி அந்தச் சிலையோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. மதிய உணவுக்குப் போகிற ஒவ்வொரு மாணவரும் அதைத் தாண்டித்தான் போகிறார். கேள்வி கல்லோடு நின்றுவிடுவதும் இல்லை. நகரத்தின் ஏழைப் பகுதிகளில் இயங்கும் சிறு அமைப்புகளோடு சேர்ந்து வேலை செய்வதையே பாடத்தின் ஒரு பகுதியாக வைத்திருக்கும் வகுப்புகள் ஏராளம்; அவற்றை ஒருங்கிணைக்கத் தனி மையமே இருக்கிறது. பட்டம் முடிவதற்குள் இத்தகைய அனுபவப் பாடம் ஒன்றை இளநிலை மாணவர்கள் எடுத்தாக வேண்டும். வேலைப் பயிற்சியோ வெளிநாட்டுப் படிப்போ அந்த இடத்தை நிரப்பவும் வழி உண்டு. எந்த மதத்துப் பிள்ளையானாலும் இதைக் கண்டு பெற்றோர் தயங்கக் காரணமில்லை; வரவேற்கத்தான் வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். சிகாகோவில் பெரிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் இரண்டு இருக்கின்றன. மற்றொன்றான லயோலா பல்கலைக்கழகம் இயேசு சபையினர் 1870 இல் தொடங்கியது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1925 இல் லயோலா கல்லூரியைத் தொடங்கியவர்களும் அதே சபையினர் என்பதால், பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. லயோலாவில் செமஸ்டர் முறை, டிபாலில் காலாண்டு முறை. இரண்டிலும் இடம் கிடைத்த பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், தரவரிசைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இந்த வேறுபாட்டைத்தான் பார்க்கச் சொல்வேன்.

காலாண்டு முறையில் ஒரு பருவத்துக்குப் பத்து வாரம் வகுப்பு, பதினோராவது வாரம் தேர்வு. இலையுதிர்காலம், குளிர்காலம், இளவேனில் என்று ஆண்டுக்கு மூன்று முழுப் பருவங்கள். பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு கிரெடிட்; பெரும்பாலான பாடங்கள் நான்கு கிரெடிட் கொண்டவை. இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 192 கிரெடிட் தேவை. நான்கு ஆண்டில் முடிக்க வேண்டுமானால் பருவத்துக்கு 16 கிரெடிட், அதாவது நான்கு பாடம் எடுத்தாக வேண்டும். மொத்தம் 48 பாடங்கள். ஒவ்வொன்றும் பத்தே வாரத்தில் தொடங்கி முடிந்துவிடும்.

இதன் பொருளை நம் ஊர்க் கல்லூரிப் பழக்கத்தோடு ஒப்பிட்டால்தான் புரியும். இங்கே ஒரு செமஸ்டரில் முதல் மாதம் பாடப்புத்தகம் வாங்குவதிலும் வகுப்புத் தோழரை அறிந்துகொள்வதிலும் கழியும். பிறகு உள்மதிப்பீட்டுத் தேர்வுகள், மாதிரித் தேர்வு, அதற்கு மேல் படிப்பு விடுமுறை. கடைசிப் பதினைந்து நாள் கண்விழித்துப் படித்து முதல் வகுப்பு வாங்கியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். டிபாலில் முதல் வாரத்திலேயே வீட்டுப்பாடம் வந்துவிடும். ஐந்தாவது வாரத்தில் இடைத்தேர்வு. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டால் பாடத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. இறுதித் தேர்வுக்கு முன் படிப்பு விடுமுறை என்று நீண்ட இடைவெளி கிடையாது. வாராந்திர ஒப்படைப்புகள், சிறு தேர்வுகள், வகுப்பில் பேசுவது ஆகிய எல்லாவற்றுக்கும் மதிப்பெண் இருப்பதால், கடைசி நேரத்தில் எழுந்து ஓடிப் பிடிக்க முடியாது. சரியாக வராத பாடத்தை விட்டு விலகுவதற்கான கெடுவும் மிக விரைவில் வந்துவிடும். அந்தத் தேதியைத் தவறவிட்டவர் மதிப்பெண் பட்டியலில் அதன் தழும்போடுதான் வெளியே வர வேண்டும்.

இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லவும் நிறைய இருக்கிறது. பிடிக்காத பாடம் பத்து வாரத்தில் முடிந்துவிடும். நான்கு ஆண்டில் 48 பாடம் என்பதால், கணினியோடு உளவியலோ திரைப்படத் தொகுப்போ சேர்த்துப் படிக்க இடம் கிடைக்கும். அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழக்கிழமையை ஒட்டி வரும் நன்றி நவிலல் விடுமுறையோடு இலையுதிர்ப் பருவம் முடிந்து, குளிர்காலப் பருவம் ஜனவரித் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. செமஸ்டர் முறையில் படிப்பவர்கள் டிசம்பர் நடுவில் விமானச் சீட்டு உச்ச விலையில் விற்கும்போது அலைய வேண்டியிருக்கும். டிபால் மாணவர்கள் அதற்கு முன்பே கிளம்பி வந்து, மார்கழியில் பாதிக்கு மேல் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பலாம். பொங்கலுக்கு மட்டும் இருக்க முடியாது.

எதிரான பக்கமும் உண்டு. இளவேனில் பருவம் ஜூன் நடுவில்தான் முடிகிறது. கோடைக்காலப் பயிற்சி வேலைகளைப் பல நிறுவனங்கள் மே இறுதியிலோ ஜூன் முதல் வாரத்திலோ தொடங்குகின்றன. பெரிய நிறுவனங்கள் காலாண்டு முறை மாணவர்களுக்கென்று பின்னால் ஒரு தொடக்கத் தேதி வைத்திருக்கும். சிறிய நிறுவனங்களில் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் மகள் முதல் ஆண்டிலேயே இதை அறிந்திருப்பது நல்லது.

அடுத்து நகரம். டிபாலுக்கு முக்கியமாக இரண்டு வளாகங்கள். வடக்கே லிங்கன் பார்க்கில் மரங்களும் பழைய செங்கல் வீடுகளும் நிறைந்த குடியிருப்புப் பகுதியில் ஒன்று. விடுதிகள், நூலகம், அறிவியல் துறைகள், இசைக் கல்லூரி, நாடகக் கல்லூரி எல்லாம் அங்கே. சிகாகோவில் குட்மேன் நாடகப் பள்ளி என்று 1925 இல் தொடங்கியதுதான் 1978 இல் டிபாலோடு இணைந்து இந்த நாடகக் கல்லூரி ஆயிற்று. மற்றொன்று தெற்கே, நகரத்தின் வணிக மையமான லூப் பகுதியில். வணிகவியல், சட்டம், கணினிக் கல்லூரிகள் அங்கே. ஆகவே கணினி படிக்கும் உங்கள் மகள் லிங்கன் பார்க் விடுதியில் தங்கி, பொதுப் பாடங்களை அங்கேயே படித்து, துறைப் பாடங்களுக்கு ரயிலேறி லூப்புக்குப் போக வேண்டியிருக்கும்.

அந்தப் பயணத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். லிங்கன் பார்க் வளாகத்தை ஒட்டியே ஃபுல்லர்ட்டன் நிலையம் இருக்கிறது. அங்கே சிவப்புத் தடத்தில் ஏறினால், சிறிது தூரம் மேம்பாலத்தில் ஓடும் ரயில் பிறகு சுரங்கத்துக்குள் இறங்கி, கால் மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலான நேரத்தில் ஜாக்சன் நிலையத்தில் விடும். படியேறி வெளியே வந்தால் ஸ்டேட், ஜாக்சன் தெருக்களின் மூலையில் டிபால் மையம் நிற்கிறது. முன்னாளில் அது கோல்ட்பிளாட்ஸ் என்ற பெரிய பல்பொருள் அங்காடியாக இருந்த கட்டடம். கணினிக் கல்லூரி அதிலிருந்து சில எட்டுகளில் வாபாஷ் தெருவில் இருக்கிறது. அந்தத் தெருவின் மேலே இரும்புத் தூண்களில் ஓடும் ரயில், வகுப்பறைச் சன்னலுக்கு அருகிலேயே தடதடத்துக்கொண்டு போகும். முழுநேர மாணவர்களுக்குக் கட்டணத்தோடு சேர்த்தே ஒரு பயண அட்டை கிடைக்கிறது; பருவம் முழுவதும் நகர ரயிலிலும் பேருந்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். குளிர்காலத்தில் நடைமேடையில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் தலைக்கு மேலே வெப்ப விளக்குகள் செக்கச் சிவந்து எரியத் தொடங்கும். ஜனவரிக் காலையில் ஏரிக்காற்று வீச, அதன் கீழே ஒருவரோடு ஒருவர் ஒட்டி நின்று ரயிலுக்குக் காத்திருப்பது டிபால் மாணவர் அனைவரும் அறிந்த அனுபவம்.

நகரத்தைப் பாடமாகவே வைத்திருப்பது டிபாலின் தனிச்சிறப்பு. முதலாண்டு மாணவர்கள் வந்து சேரும் பருவத்தில் சிகாகோவைப் பற்றிய ஒரு பாடத்தை எடுத்தாக வேண்டும். அதில் ஒரு வகை, மற்ற வகுப்புகள் தொடங்குவதற்கு முந்திய வாரமே ஆரம்பித்துவிடும். பேராசிரியர் ஒருவரும் மூத்த மாணவர் ஒருவரும் இருபது பேர் அளவிலான குழுவை நகரத்தின் பல பகுதிகளுக்கு அழைத்துச் செல்வார்கள். ஒரு குழு கட்டடக் கலையைப் பார்க்கும், ஒரு குழு குடியேறிகளின் பேட்டைகளைப் பார்க்கும், ஒரு குழு ஏரியையும் ஆற்றையும் பார்க்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ரயில் மாறத் தெரிந்துகொள்வாள், நண்பர்கள் கிடைப்பார்கள், எந்தப் பகுதிக்கு எப்போது போகலாம் என்ற விவரமும் வந்துவிடும். இரண்டு வகையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், முன்னதாகத் தொடங்கும் இந்த வகையையே எடுக்கச் சொல்லுங்கள். இடங்கள் விரைவில் நிரம்பிவிடும்.

லூப் வளாகத்தின் மாலை வகுப்புகளைப் பற்றிச் சொல்லாமல் டிபாலைப் பற்றி எழுத முடியாது. முதுநிலை வகுப்புகள் பலவும் மாலை 5.45 க்குத் தொடங்கி இரவு 9 மணி வரை, வாரம் ஒரு நாள் நடப்பவை. பகலில் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் வந்து படிப்பதற்காக ஏற்பட்ட நேரம் அது. சிகாகோவின் மேயராக 1955 முதல் 1976 வரை இருந்த ரிச்சர்ட் ஜே. டேலி, பகலில் வேலை பார்த்துக்கொண்டு இரவு வகுப்புகளில் சட்டம் பயின்று 1933 இல் டிபாலில் பட்டம் பெற்றவர்; பின்னாளில் 1989 முதல் 2011 வரை மேயராக இருந்த அவருடைய மகனும் டிபாலில்தான் சட்டம் படித்தார். இன்றும் அந்த வகுப்புகளில் வங்கியில் பத்தாண்டு வேலை பார்த்தவர், மருத்துவமனையின் தரவுத்தளத்தைக் கவனிப்பவர் போன்றோர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். கற்பிப்பவர்களிலும் பலர் அந்தத் துறையில் வேலை செய்துகொண்டே கற்பிப்பவர்கள். ஜாக்சன் தெருவில் மேற்கே சில நிமிடம் நடந்தால் கூட்டாட்சி நீதிமன்றம். இன்னும் சற்று நடந்தால் சிகாகோ வர்த்தக வாரியத்தின் கட்டடம். வேலை தேடும் மாணவருக்கு இந்தக் கட்டடங்கள் இவ்வளவு அருகில் இருப்பதே பெரிய பலம். வகுப்பு முடிந்து ரயிலேறி நேர்காணலுக்குப் போய்விட்டு, அடுத்த வகுப்புக்குத் திரும்பி வந்துவிடலாம்.

அதே பகுதியில் இன்னொரு கட்டடத்தையும் உங்கள் மகள் பார்க்க வேண்டும். டிபால் மையத்திலிருந்து சிறிது தூரத்தில், மிச்சிகன் அவென்யூவில் உள்ள கலைக்கூடக் கட்டடத்தில்தான் 1893 செப்டம்பர் 11 அன்று சர்வசமயப் பேரவை தொடங்கியது. சுவாமி விவேகானந்தர் அங்கே போய்ப் பேசுவதற்குச் சென்னைத் திருவல்லிக்கேணியில் வீடு வீடாகப் பணம் திரட்டியவர் ஆசிரியர் அளசிங்கப் பெருமாள். ஊக்கமும் உதவியும் தந்தவர்களில் இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி ஒருவர். பிற சமயத்தவர் நடுவே நம் பிள்ளை எப்படி இருக்கும் என்று கவலைப்படுகிற குடும்பத்துக்கு, அந்த நகரத்தோடு நமக்குள்ள இந்த உறவு தெரிந்திருப்பது நல்லது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிகாகோவின் குற்றச் செய்திகளைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் பயப்படுகிறவர்கள், அந்த நகரம் சென்னையைப் போலப் பரந்தது என்பதையும் வன்முறையின் பெரும்பகுதி சில பகுதிகளில்தான் குவிந்திருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். லிங்கன் பார்க் வசதி படைத்தவர்கள் வாழும் பகுதி. ஆனாலும் கைப்பேசிப் பறிப்பும் இரவு நேர வழிப்பறியும் அங்கேயும் நடக்கின்றன. இரவு வகுப்பு முடிந்து ஒற்றையாக ரயிலேறாமல் தோழியரோடு சேர்ந்து போவது, ஆள் இல்லாத பெட்டியில் ஏறாதிருப்பது, நடக்கும்போது கைப்பேசியைப் பார்க்காதிருப்பது போன்ற பழக்கங்கள் போதும். வளாகக் காவலர்களின் எண்ணை முதல் நாளே சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உணவுக்கும் கோயிலுக்கும் நகரத்தில் குறையில்லை. நகரத்தின் வட எல்லையில் டேவன் அவென்யூ என்ற தெருவில் நம் மளிகைக் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன. சிவப்புத் தடத்தில் லயோலா நிலையம் வரை போய் 155 ஆம் எண் பேருந்தில் ஏறினால் போய்விடலாம். லெமான்ட்டில் உள்ள இராமர் கோயிலும் அரோராவில் உள்ள பாலாஜி கோயிலும் புறநகரில் இருப்பதால் கார் வைத்திருப்பவர் யாராவது அழைத்துப் போக வேண்டும். தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 2019 இல் பத்தாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்ததும் சிகாகோவில்தான்.

இப்போது பணம். வெளிநாட்டு இளநிலை மாணவருக்குப் படிப்புக் கட்டணம், தங்குமிடம், உணவு, காப்பீடு எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டிவிடும். அமெரிக்க அரசின் கல்வி உதவி வெளிநாட்டவருக்குக் கிடையாது. மதிப்பெண் அடிப்படையிலான உதவித்தொகையைப் பல்கலைக்கழகம் தருகிறது. சேர்க்கைக் கடிதத்தோடு அந்தத் தொகையும் குறிப்பிடப்பட்டிருக்கும். அது நான்கு ஆண்டும் தொடருமா, எந்தச் சராசரிக்குக் கீழே போனால் நின்றுவிடும், கட்டணம் ஆண்டுதோறும் உயரும்போது உதவித்தொகையும் உயருமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொதுவாக உதவித்தொகை அப்படியே நிற்கும், கட்டணம் மட்டும் ஏறும். நான்காம் ஆண்டில் வீட்டிலிருந்து போகும் தொகை முதலாண்டைவிடக் கணிசமாகக் கூடியிருக்கும். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் கடன் வாங்கக் கூடாது.

என் வெளிப்படையான கருத்து இது. ஆராய்ச்சியில் இறங்கி முனைவர் பட்டம் வரை போக விரும்பும் பிள்ளைக்கு டிபால் முதல் தேர்வு ஆகாது. சிகாகோ பல்கலைக்கழகமும் வடமேற்குப் பல்கலைக்கழகம் என்று சொல்லத்தக்க நார்த்வெஸ்டர்னும் அதே நகரப் பகுதியில் இருக்கின்றன. அவற்றின் எடை வேறு. டிபால் கற்பித்தலை முன்னிறுத்தும் இடம். பேராசிரியரே வகுப்பெடுப்பார், வகுப்புகள் பெரும்பாலும் சிறியவை, அறைக்கு வந்து கேட்டால் உட்கார வைத்துச் சொல்லித் தருவார். விளையாட்டு மென்பொருள் வடிவமைப்பு, அசைவூட்டம், திரைப்படம், நாடகம், கணக்கியல் ஆகியவற்றில் நல்ல பெயர் இருக்கிறது. வேலைக்குப் போவதை நோக்கமாகக் கொண்ட, பேசிப் பழகத் தயங்காத பிள்ளைக்கு அது நல்ல இடம். ஆனால் முழுச் செலவையும் கடனில் போட வேண்டிய குடும்பமாக இருந்தால், நம் ஊரில் இளநிலை முடித்துவிட்டு முதுநிலைக்கு அங்கே போவதையே பரிந்துரைப்பேன். கணினியில் முதுநிலைக்குப் பொதுவாக 52 கிரெடிட், அதாவது 13 பாடங்கள். இரண்டு ஆண்டுக்குள் முடித்துவிடலாம், செலவும் பாதிக்குக் கீழே வரும்.

விசா விதிகளில் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்பு நடக்கும் பருவத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை மட்டுமே வேலை செய்யலாம். வெளியே வேலை செய்ய ஓராண்டு முழுநேரப் படிப்பு முடித்து, முறையான அனுமதி பெற வேண்டும். படித்து முடித்தபின் ஓராண்டு பயிற்சி வேலை அனுமதியும், கணினி போன்ற துறைகளுக்கு மேலும் 24 மாத நீட்டிப்பும் நடைமுறையில் இருந்துவருகின்றன. இரண்டாவது, டிபாலின் கணினிக் கல்லூரி பல பாடங்களை இணைய வழியிலும் நடத்துகிறது. வசதியாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அப்படி எடுத்துவிட முடியாது. முழுநேர மாணவர் என்ற கணக்கில் ஒரு பருவத்துக்கு ஓர் இணையவழிப் பாடத்துக்குத்தான் இடம் உண்டு. இது தெரியாமல் பதிவு செய்து விசா சிக்கலில் மாட்டிக்கொண்ட மாணவர்கள் உண்டு. ஒவ்வொரு பருவமும் பதிவு செய்யும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகத்தின் நிதி நிலையையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். டிபால் மாணவர் கட்டணத்தைப் பெரிதும் நம்பி இயங்கும் நிறுவனம். 2025 இலையுதிர்ப் பருவத்தில் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. விசா கிடைப்பதில் ஏற்பட்ட சிரமமே அதற்கு முக்கியக் காரணம். அதைத் தொடர்ந்து செலவுக் குறைப்பு நடவடிக்கைகளைத் தலைமை அறிவித்தது. இதனால் பல்கலைக்கழகம் மூடப்பட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். ஆனால் சிறிய துறைகளில் பாடங்கள் குறையலாம், பகுதிநேர ஆசிரியர்கள் நீக்கப்படலாம். உங்கள் மகள் சேரவிருக்கும் கணினித் துறை பெரியது என்றாலும், அவள் விரும்பும் சிறப்புப் பாடங்கள் ஒவ்வோர் ஆண்டும் நடக்கின்றனவா என்று துறை ஆலோசகரிடம் கேட்பது தவறாகாது.

முன்பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. இந்த ஆண்டின் கல்வி நாட்காட்டியைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் பார்த்து, பருவங்களின் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் இந்திய மாணவி ஒருவரோடு பேச ஏற்பாடு செய்யும்படி சேர்க்கை அலுவலகத்தைக் கேளுங்கள், செய்து தருவார்கள். முதலாண்டுச் செலவுக்கான பணம் இருப்பதைக் காட்டினால்தான், விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். அதன் பிறகு செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவு முறைக்கான கட்டணம், விசா விண்ணப்பம், சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் என்று ஒவ்வொன்றுக்கும் நாள் பிடிக்கும். பத்து வாரப் பருவத்தில் இரண்டு வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் ஈடுகட்டவே முடியாது என்பதால், விசா தள்ளிப்போனால் சேர்க்கையையும் உதவித்தொகையையும் குளிர்காலப் பருவத்துக்கோ அடுத்த ஆண்டுக்கோ மாற்றித் தருவார்களா என்பதை இப்போதே மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.